குட்டி தாயைப் பிரியும் காலம்

ஐப்பசி பிறந்ததும் எங்கள் கரையோரக் கிராமங்களில் வாடிகளைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். சித்திரையில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து, ஆறு மாதம் கடற்கரையில் தங்கித் தொழில் செய்தவர்கள் இவர்கள். வாடைக்காற்று எழுந்து கடல் புரளப் போகிறது என்று கண்டதும் கிடுகு, தகரம், வலை, இயந்திரம் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குத் திரும்புவார்கள். லொறியில் இடம் கிடைக்காமல் நின்றுவிடுவது பெரும்பாலும் வாடி நாய்தான். மீன் தலையும் மிச்சச் சோறும் தின்று ஆறு மாதம் காவல் கிடந்த நாய் அது. பெட்டையாக இருந்துவிட்டால், கழற்றிய வாடியின் மணல் மேட்டில் அதன் குட்டிகளும் கிடக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் திருகோணமலைக்கு வடக்கே ஒரு கிராமத்தில் நான் பணியாற்றியபோது, அப்படி விடப்பட்ட ஐந்து குட்டிகளைப் பிள்ளைகள் ஒரே மாலையில் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒன்று எனக்கு வந்தது. மீன் அடுக்கும் ரெஜிபோம் பெட்டிக்குள் பழைய சாரம் ஒன்றை விரித்து, அதில் குட்டியைக் கிடத்திக் கொண்டுவந்த பையன், பெட்டியை என் விறாந்தையில் வைத்துவிட்டு, "கண் முழிச்சிட்டுது பாதர், இனிப் பயமில்லை" என்றான். எனக்கும் காவலுக்கு ஒரு நாய் தேவையாக இருந்தது. பால்மாவைச் சுடுநீரில் கரைத்து ஆறவைத்துத் தட்டில் ஊற்றினேன். குட்டி மூக்கைத் தோய்த்துத் தும்மியது, பிறகு நக்கியது. நல்லவேளை, குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரவெல்லாம் அழுதது. நான்காம் நாள் வயிற்றோட்டம் தொடங்கியது. ஏழாம் நாள் காலையில் பெட்டிக்குள் விறைத்துக் கிடந்தது.

அதைப் புதைக்கும்போது அந்தப் பையன் பக்கத்தில் நின்றான். "சாப்பாடு குடுக்கல்லையா, பாதர்?" என்று கேட்டான். கொடுத்தேன் என்று சொன்னேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

பிறகொரு நாள் எனக்குப் பழக்கமான மிருக வைத்தியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் மருந்து எதையும் பற்றிப் பேசவில்லை. "எத்தனை நாள் குட்டி?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கன்றுக்குட்டி என்றால் எத்தனை மாதம் என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். கோழிக்குஞ்சுக்குக்கூட நாள் கணக்கு வைத்திருக்கிறோம். நாய்க்குட்டியின் வயதை நாங்கள் யாரும் கேட்பதில்லை. கண் திறந்தால் போதும், அது தாயிடமிருந்து எடுக்கக்கூடிய குட்டி என்பதே எங்கள் கிராமங்களின் கணக்கு.

எங்கள் கிராமத்துப் பழக்கங்கள் பலவற்றுக்காக நான் வாதாடியிருக்கிறேன். இந்தக் கணக்குக்காக வாதாட என்னால் முடியாது.

எட்டு வாரத்தில் நடப்பது

பெட்டை நாய் ஏறக்குறைய 63 நாள் சினையாக இருந்து குட்டி ஈனுகிறது. பிறக்கும் குட்டிக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. உடற்சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ளவும் தெரியாது. தாயும் கூடப்பிறந்தவையும் ஒட்டிக் கிடந்தே சூடு தருகின்றன. தாய் நக்கிவிட்டால்தான் அதற்குச் சிறுநீரும் மலமும் கழியும். பத்து நாளுக்கும் இரண்டு வாரத்துக்கும் இடையில் கண் திறக்கும். மூன்றாம் வாரமளவில் காது கேட்கத் தொடங்கி, கால் ஊன்றித் தள்ளாடி நடக்கும். அந்த நேரத்தில்தான் முரசைக் கிழித்துக்கொண்டு முதற் பாற்பற்கள் எட்டிப் பார்க்கின்றன. எங்கள் பிள்ளைகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இதே நேரத்தில்தான்.

பற்கள் முளைத்தபின் பாலூட்டுவது தாய்க்கு நோவாகிறது. அது எழுந்து விலகிப் போகும்; நின்றபடி பால் கொடுக்கும்; சில வேளை தான் தின்றதைக் கக்கிக் குட்டிகளுக்கு வைக்கும். இதைக் கண்டு, "தாய் விரட்டுது, குட்டியைப் பிரிக்கலாம்" என்று சொல்வோர் உண்டு. உண்மையில் அது விரட்டவில்லை. பாலை மெல்ல மெல்ல மறக்கப் பண்ணுகிறது. அந்த வேலை முடிய ஏழு எட்டு வாரம் செல்லும். அதை இடையில் வெட்டி, பசுப்பாலையோ பால்மாவையோ தட்டில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் விறாந்தை சாட்சி. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசுப்பாலைப் போல இரு மடங்குக்கு மேல் இருக்கின்றன. பாற்சீனியோ பசுப்பாலிலேயே அதிகம். குட்டிக்குப் போசாக்கும் போதாது, வயிறும் தாங்காது.

நான்காம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை குட்டிகள் விளையாடுவதைச் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒன்று மற்றதன் காதைக் கவ்வும். அழுத்திக் கடித்தால் மற்றது வீரிட்டுக் கத்தி விளையாட்டை விட்டுப் போய்விடும். கடித்த குட்டி தனித்துப்போய் முழிக்கும். தாயிடம் அதே வேலையைக் காட்டினால் தாய் உறுமி, மூக்கை அமுக்கி நிறுத்தும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவை நாய் இப்படியே படிக்கிறது. ஒரு மாதக் குட்டியாகத் தனியே கொண்டுவரப்பட்ட நாய்க்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை. அது பிள்ளைகளின் கையைக் கடித்துப் பழகும். குட்டியாக இருக்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள். வளர்ந்தபின் சங்கிலி வரும். பிறகு அதன் வாழ்நாள் முழுவதும் மாமரத்தடியில் ஆறடி வட்டம்தான்.

இத்தாலியில் 140 நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011 இல் வெளிவந்தது. அவற்றில் பாதி 30 முதல் 40 நாள் வயதில் தாயிடமிருந்து எடுக்கப்பட்டவை. மற்றப் பாதி இரண்டு மாதம் தாயோடு இருந்தவை. முன்கூட்டியே பிரிக்கப்பட்ட நாய்களிடம் ஓயாமல் குரைப்பது, வெளியே போனால் மிரளுவது, பொருட்களைக் கடித்து நாசமாக்குவது, சாப்பாட்டுக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் கிட்ட யாரையும் அண்டவிடாமை ஆகியவை அதிகமாகக் காணப்பட்டன. பிறவிக்குணம் என்று சொல்லி நாம் அடித்துத் துரத்துகிற பல நாய்களின் நினைவு எனக்கு வந்தது.

செலவு யாருடையது?

இவ்வளவு தெரிந்தும் குட்டியை நேரத்தோடு கொடுத்துவிடுவது ஏன்? அறியாமை என்று சொல்லித் தப்பிவிடலாம். அபிவிருத்திப் பணியாளர்களான எங்களுக்கு அது வசதியான சொல். ஆனால் நாய் வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காரியின் அடுப்படியில் நின்று பார்த்தால் வேறொரு காரணம் தெரியும். முதல் நான்கு வாரமும் குட்டிகளின் செலவைத் தாய் ஏற்கிறது. தன் உடம்பை உருக்கிப் பால் தருகிறது. நான்காம் வாரத்துக்குப் பிறகு குட்டிகள் சோறு கேட்கின்றன. ஆறு குட்டி என்றால் ஆறு வாய். மூன்று பிள்ளைகளுக்கே அரிசியை அளந்து போடும் வீட்டில் அந்த அடுத்த நான்கு வாரத்தை யார் சுமப்பது? ஆகவே கேட்டு வந்த முதல் ஆளிடம், "இந்தா, கொண்டு போ" என்று தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பட்டணத்தில் சாதி நாய் வளர்த்து விற்போரிடமும் நடப்பது இதே கணக்குத்தான். ஐந்து வாரக் குட்டி பஞ்சுப் பொதி போல இருக்கும். பார்த்தவர் உடனே வாங்குவார். எட்டு வாரம் வைத்திருந்தால் தீன் செலவு, பூச்சி மருந்து, தடுப்பூசி எல்லாம் விற்பவர் தலையில். இப்போது கைத்தொலைபேசியில் படத்தைப் பார்த்துக் காசு அனுப்பி, இரவு பஸ்ஸில் அட்டைப் பெட்டியில் குட்டியை வரவழைப்போரும் இருக்கிறார்கள். தாயை வாங்குபவர் கண்ணால் கண்டதும் இல்லை. தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்க வேண்டாம் என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

வேறு நாடுகளில் இந்தச் செலவைச் சட்டத்தால் விற்பவர் மேல் சுமத்தியிருக்கிறார்கள். ஜேர்மனியில் 2001 இல் வந்த நாய்ப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. இங்கிலாந்தில் உரிமம் பெற்று நாய் விற்பவர் எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்க முடியாது. எங்கள் நாட்டிலும் நாய்களைப் பற்றிய சட்டங்கள் பழையவை: 1893 ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம், 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் ஆகியவை வெள்ளைக்காரர் காலத்தவை. அவற்றின் கவலை நோயும் பதிவும். வாடிக்கரையில் கிடக்கும் குட்டிக்கு எந்தச் சட்டத்தாலும் பெரிய பயன் இல்லை. அங்கே விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை.

ஊரார் சொல்வதில் பாதி உண்மை

"வளர்ந்த பிறகு எடுத்தா வீட்டுக்காரரை மதிக்காது, சுவாமி" என்று ஓர் ஆச்சி என்னிடம் சொன்னார். இதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். மூதூரிலும் கேட்டேன், தம்பலகாமத்திலும் கேட்டேன். இது வெறும் மூடநம்பிக்கை அல்ல என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பார் ஹாபர் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள ஜக்சன் ஆய்வுகூடத்தில் ஸ்கொட், ஃபுல்லர் என்ற இருவரும் அவர்களோடு சேர்ந்தோரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து அவதானித்தார்கள். 1961 இல் வெளியான ஒரு பரிசோதனையில், வேலி அடைத்த வெளியில் தாயோடு குட்டிகளை விட்டு, மனிதர் முகமே காட்டாமல் வளர்த்தார்கள். சிலவற்றை இரண்டாம், மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் வாரங்களில் எடுத்து ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டுத் திரும்ப விட்டார்கள். பதினான்காம் வாரம் வரை மனிதரையே காணாத குட்டிகள் அதன்பின் எவ்வளவு முயன்றும் காட்டு மிருகம் போலவே மிரண்டன. மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் கண்டு பழகியவையே அதற்குச் சொந்தம்.

ஆகவே ஆச்சி சொன்னது, மனிதர் கை படாமல் வளர்ந்த குட்டியைப் பொறுத்தவரை சரி. காட்டோரத்துப் பட்டியில் மாடுகளையும் ஒரே ஒரு பட்டிக்காரரையும் மட்டும் கண்டு நான்கு மாதம் வளர்ந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது பிள்ளைகளைக் கண்டு பதுங்கும். மூலையில் ஒதுக்கினால் கடிக்கும். ஆனால் தாயோடு இருக்கும்போதே மனிதர் கையில் பழகிய குட்டிக்கு இது பொருந்தாது. தென்னாபிரிக்கப் பொலிசாரின் ஜேர்மன் ஷெப்பேட் குட்டிகளை வைத்து 1993 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைக் காட்டியது. ஆறாம் வாரத்தில் தாயைப் பிரித்துப் புது இடத்துக்குக் கொண்டுபோன குட்டிகள் தீன் எடுக்காமல் மெலிந்தன. நோயும் சாவும் அவற்றிடையே கூடின. பன்னிரண்டு வாரம் தாயோடு இருந்தபடியே நாளும் மனிதரோடு பழகியவை அப்படி வாடவில்லை. மனிதரோடு ஒட்டுவதிலும் குறை இருக்கவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: குட்டியைத் தாயிடமிருந்து எடுக்க அவசரப்பட வேண்டாம், குட்டியிடம் போக அவசரப்படுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து அதைத் தொட்டுத் தூக்க வேண்டும். பிள்ளைகளின் சத்தம், சைக்கிள், கோழி, அம்மியின் ஓசை, குடை பிடித்தவர், தலைக்கவசம் போட்டவர் எல்லாவற்றையும் அது தாயின் பக்கத்திலேயே காணட்டும். எட்டு வாரம் நிறைந்தபின் வீடு மாறட்டும். ஒன்பது, பத்து என்று போனாலும் கெடுதி இல்லை, அதனோடு பழகுகிறவர்கள் இருந்தால்.

அந்த மற்றக் குட்டி

நான் தொடக்கத்தில் சொன்ன ஐந்து குட்டிகளில் ஒன்று பாடசாலைக்குப் பக்கத்து வீட்டில் பிழைத்து வளர்ந்தது. வாலில் வெள்ளை உள்ள கடுவன் குட்டி. பாடசாலை விட்டதும் பிள்ளைகள் எல்லோரும் அதனோடுதான். மார்கழி மழைக்குள் ஒரு நாள் அது சாப்பிடாமல் இருந்தது. தடியை நீட்டினால் தடியைக் கவ்வியது. ஆளை நீட்டினாலும் அப்படித்தான். வாய் ஒழுகியது. இரண்டு நாளில் செத்துப்போனது. குட்டிக்கு விசர் வராது என்று எங்களில் பலர் நினைத்திருந்தோம். அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அப்படி நினைக்கவில்லை. தலையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பினார். விசர்நாய்க்கடி நோய் என்று முடிவு வந்தது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஓர் இரவு தெரு நாய் ஒன்று வேலிக்குள் புகுந்து குட்டியைக் குதறிவிட்டுப் போனதை அப்போதுதான் வீட்டுக்காரர் நினைவுபடுத்தினார்கள். தாய் கூட இருந்திருந்தால் அந்தக் கடி விழுந்திராது என்று நான் சொல்ல வரவில்லை. தாய் கடற்கரையில்தான் நின்றது. குட்டிகளைத் தேடி ஊருக்குள் வந்தபோதெல்லாம் கல்லால் எறிந்து விரட்டியவர்கள் நாங்கள்.

அந்தக் குட்டி நக்கிய, பிறாண்டிய, கடித்த பிள்ளைகள் பதினொருவர். எல்லோரையும் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். ஊசிக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு தடவையோடு முடியாதே. தவணை தவணையாகப் போக வேண்டும். வெள்ளம் மேவிய வீதியில் பஸ் இல்லாத நாட்களும் இருந்தன. தொழில் இல்லாத மாரி காலத்தில் பஸ் காசுக்குக் கடன் பட்ட தாய்மாரை நான் அறிவேன். பதினொரு பிள்ளைகளும் சுகமாக இருக்கிறார்கள். எனக்குப் பெட்டியில் குட்டி கொண்டுவந்த பையனும் அவர்களில் ஒருவன்.

1973 இல் இலங்கையில் இந்நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடப் போட அந்தத் தொகை இறங்கி, அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 20 முதல் 30 வரை வந்திருக்கிறது. அரசாங்கத்தின் தடுப்பூசி இலவசம். அதைப் போடுகிறவர்கள் ஊருக்கு வரும்போது மூன்று மாதம் ஆகவில்லை என்று குட்டிகளை ஒளித்து வைக்க வேண்டாம். ஊர் முழுவதற்கும் ஊசி போடும் நாளில் சிறு குட்டிகளையும் சேர்த்துக்கொள்ளும்படியே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பின்னர் உரிய வயதில் திரும்பவும் போட்டுக்கொள்ளலாம். கடித்தால், பிறாண்டினால், முதலில் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூளும் கோப்பித்தூளும் வேண்டாம். பிறகு தாமதியாமல் வைத்தியசாலை.

பூச்சியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. உருண்டைப் புழு குட்டிக்குத் தாயின் வயிற்றிலேயே வந்துவிடுகிறது, பாலிலும் வருகிறது. ஆகவே இரண்டாம் வாரத்திலேயே பூச்சி மருந்து தொடங்கி, பன்னிரண்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பது நல்லது. அளவை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். நாயின் கொக்கிப்புழு வகைகளில் ஒன்றுக்கு எங்கள் நாட்டின் பெயரே இருக்கிறது: சிலானிக்கும். 1911 இல் இலங்கையின் புனுகுப் பூனை ஒன்றில் கண்டு பெயரிட்டார்கள். அது மனிதருக்கும் தொற்றக் கூடியது. வெறுங்காலோடு மணலில் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வளவில் இது பெருமைப்படக்கூடிய பெயர் அல்ல.

ஒரு பிடி சோறு

பிறகு நான் மாறிப்போன கிராமத்தில், வாடி கழற்றும் காலத்துக்கு முன்பே சில தாய்மாரோடும் இளைஞரோடும் உட்கார்ந்து பேசினோம். அடுத்த நான்கு வாரத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்கு ஒரு பெண் விடை சொன்னார். கணவனை இழந்தவர், கருவாடு போட்டு விற்கிறவர். "குட்டி கேக்கிறவ சோறு கொண்டு வரட்டும்" என்றார். அதுவே ஏற்பாடானது.

ஏற்பாடு இவ்வளவுதான். குட்டி வேண்டுமென்றால் நான்காம் வாரத்தில் வந்து பார்த்து, தெரிந்து, அதன் கழுத்தில் தளர்வாக ஒரு நூலைக் கட்டிவிட்டுப் போகலாம். வீட்டுக்கு ஒரு நிறம். இனி வேறு யாரும் எடுத்துவிடுவார்களோ என்ற பயம் இல்லை. அவசரத்துக்குப் பாதிக் காரணம் அந்தப் பயம்தானே. நூல் கட்டிய வீடு நாள்தோறும் ஒரு பிடி சோறும் மீன் தலையும் கொண்டுவந்து தாய்க்கும் குட்டிக்கும் வைக்க வேண்டும். கொண்டுவருவது பெரும்பாலும் பிள்ளைகள். வருகிற பிள்ளை குட்டியைத் தூக்காமல் போகுமா? குட்டி அந்தப் பிள்ளையின் மணத்தை அறிந்துவிடுகிறது. பழக்கும் வேலையும் கூடவே முடிகிறது. குட்டி வளர வளர நூலை அவிழ்த்துப் பெரிதாகக் கட்ட வேண்டும் என்பதை மட்டும் அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது. எட்டாம் வாரம் முடிந்து எடுத்துப் போகும்போது தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டையும் வெட்டிக் கொடுத்தார்கள். முதல் இரவுகளில் அந்த மணம் குட்டிக்குத் துணை.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எழுதினால் அது பொய். நூல் கட்டிவிட்டு ஒரு நாளும் சோறு கொண்டுவராத வீடுகள் இருந்தன. இரவில் நூலை மாற்றிக் கட்டிய கெட்டிக்காரரும் இருந்தார். பெட்டைக் குட்டிகளின் கழுத்தில் நூல் ஏறவே இல்லை. எங்கள் ஊர்களில் சந்தைக்குள்ளும், கோவில் வாசலிலும், பாடசாலை மதிலோரத்திலும் உரப்பையில் கட்டிப் போடப்படும் குட்டிகளைத் திறந்து பாருங்கள். அநேகமாக எல்லாம் பெட்டை. குட்டி ஈனும் என்று பயந்து எறிகிறார்கள். எறியப்பட்டதில் தப்பியது தெருவில் வளர்ந்து ஈனுகிறது. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் பெட்டை நாயைப் போல வீட்டோடு தங்குகிற காவல் வேறில்லை. அதற்கான முகாம் ஒன்றைப் பிரதேசத்துக்குக் கேட்டுக் கடிதம் எழுதுவது ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தால் முடியாத காரியமா? தாய் நாய்க்கும் குட்டிகள் பால் மறந்தபின் அதைச் செய்துவிடலாம்.

தாய் இறந்துவிட்டால்

வீதியில் அடிபட்டுத் தாய் செத்து, குட்டிகள் மட்டும் மிஞ்சுவதும் நடக்கிறது. அப்போது எட்டு வாரம் பேசிக்கொண்டிருக்க முடியாது. முதலில், குட்டிகளை ஆளுக்கொன்றாகப் பிரிக்காதீர்கள். ஒரே வீட்டில் ஒன்றாக வைத்து, பலரும் செலவைப் பங்கிடுங்கள். தாய் போனாலும் கூடப்பிறந்தவை சூட்டையும் கடியின் அளவையும் கற்பிக்கும். பால் கட்டும் வேறொரு பெட்டை அயலில் இருந்தால் அதனிடம் விட்டுப் பார்க்கலாம். பல வேளை ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் மிருக வைத்தியரிடம் கேட்டுக் குட்டிக்கென்றே விற்கும் பால்மாவை வாங்குங்கள். அது கைக்கு எட்டாவிட்டால் தண்ணீர் கலக்காத பாலில் முட்டை மஞ்சட்கருவை அடித்துச் சேர்த்து, இளஞ்சூட்டில், மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திப் பால் ஊற்றினால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும். வயிறு கீழே இருக்கும்படி பிடித்தே கொடுக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு உட்பட்டதாயின் ஒவ்வொரு தீனுக்குப் பிறகும் ஈரத்துணியால் அடிவயிற்றையும் குதத்தையும் தடவிவிட வேண்டும்.

வயதை யாரும் சொல்லாத குட்டியானால் வாயைத் திறந்து பாருங்கள். பல்லே இல்லையென்றால் மூன்று வாரத்துக்குக் குறைவு. வேட்டைப்பல்லும் முன்பல்லும் ஊசி போல எட்டிப் பார்த்தால் நான்கு வாரமளவு. எட்டு வாரமளவில் 28 பாற்பற்களும் வந்திருக்கும். முன்பல் விழுந்து புதிது முளைத்தால் அது நான்கு மாதக் குட்டி. அதை விற்க வருபவர் இரண்டு மாதம் என்று சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோன குட்டியைத் தெரு நாய்கள் திரியும் இடத்தில் உடனே விட வேண்டாம். தாய்ப்பாலால் வந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்குகிற காலமும் அதுவே. பார்வோ வைரஸ் நோயும் டிஸ்டெம்பரும் அந்த இடைவெளியில்தான் நுழைகின்றன. இவற்றுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இடைவிட்டுப் போடப்படுவது. இதற்குக் காசு செலவாகும் என்பதை மறைக்கவில்லை. இயலாதவர்கள் விசர்நாய்த் தடுப்பூசியையாவது விட்டுவிடக் கூடாது.

2006 இல் சம்பூரை விட்டு ஓடியவர்கள் பல ஆண்டுகளின் பின், 2015 இலும் 2016 இலும், பற்றை மண்டிய காணிகளுக்குத் திரும்பினார்கள். கிணறும் கூரையும் கேட்ட கையோடு சிலர் ஒரு நாய்க்குட்டி கிடைக்குமா என்று கேட்டதை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. பாம்பு, காட்டுப்பன்றி, இருட்டு. நிவாரணப் பட்டியல் எதிலும் நாய் இருப்பதில்லை. ஏழை வீட்டின் கதவு அதுதான்.

இதை எழுதும்போது என் வளவின் மூலையில் ஒரு பெட்டை நாய் படுத்திருக்கிறது. வாடிக்காரர் விட்டுப்போனது, யாரும் கல் எறியவில்லை. நான்கு குட்டி. மூன்று கழுத்தில் நூல் இருக்கிறது: சிவப்பு, பச்சை, நீலம். ஆறு வாரம் முடிந்துவிட்டது. இன்று விடியற்காலை மழைக்குள் வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு பச்சை நூல்காரி சோறு கொண்டுவந்தாள், ஏழு வயதிருக்கும். நூல் இல்லாத பெட்டைக் குட்டிக்கும் ஒரு கவளம் வைத்தாள். "அதை யார் எடுக்கிறது, பாதர்?" என்று கேட்டாள். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றேன்.